பதினேழு வயதுக் கைக்கு எத்தனை மதிப்பெண்?

நாவலூரில் ஞாயிற்றுக்கிழமை காலை, காலி மனை எங்கே இருக்கிறதோ அங்கே கிரிக்கெட் இருக்கும். பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்களுக்குப் பின்னால், டென்னிஸ் பந்தில் ஆட்டம் சூடுபிடித்திருக்கும். எல்லோர் கண்ணும் பேட்ஸ்மேன் மேல்தான். பந்து எல்லைக்கோட்டுக்கு ஓடுகிறது. அங்கே நிற்கும் ஒல்லிப் பையன் குனிந்து எடுத்து, இரண்டு எட்டு வைத்து, கீப்பரை நோக்கி எறிகிறான். பந்து மேலே எழும்பி வளையாமல், தாழ்வாக, ஒரே கோட்டில் பாய்ந்து கையுறையில் விழுகிறது. "செம த்ரோடா!" என்று ஒரு குரல். அவ்வளவுதான், அடுத்த பந்துக்குப் போய்விடுவார்கள்.

அமெரிக்காவில் அந்த ஒரு த்ரோவைத் தேடி ஊர் ஊராக அலைகிறவர்கள் உண்டு. ஸ்கவுட் என்று பெயர். பேஸ்பால் அணிகளுக்காகப் பள்ளி மைதானங்களில் உட்கார்ந்து, பதினேழு வயதுப் பையன்கள் பந்து வீசுவதைக் குறிப்பெடுப்பது அவர்கள் வேலை. பேஸ்பாலில் பந்து வீசுபவர் பிட்சர். அவர் ஓடி வருவதில்லை. சிறிய மண்மேட்டில் நின்று, 18.44 மீட்டர் தள்ளியிருக்கும் இலக்கை நோக்கி, பந்து தரையில் படாமல் நேரே எறிகிறார். எல்லைக்கோட்டிலிருந்து வரும் த்ரோவும் பிட்சரின் வீச்சும் உடலைப் பொறுத்தவரை ஏறத்தாழ ஒரே வேலை. அதைப் பார்த்து ஸ்கவுட் எழுதும் அறிக்கையை நம்பி அணிகள் பல கோடி ரூபாயை இறக்குகின்றன. அதில் அப்படி என்னதான் எழுதுகிறார்கள்?

2008-ல் இந்தத் தேடல் இந்தியாவுக்கே வந்தது. ஜே.பி. பெர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்க விளையாட்டு முகவர் 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்ற போட்டியை இங்கே நடத்தினார். 37,000 பேருக்கு மேல் எறிந்து பார்த்தார்கள். மணிக்கு 140 கி.மீ. வேகத்தில் எறிந்து வென்றவர் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த இடக்கைக்காரர் ரிங்கு சிங். இரண்டாவதாக வந்தவர் தினேஷ் படேல். டாம் ஹவுஸ் என்ற பயிற்சியாளரிடம் சில மாதங்கள் கற்றுக்கொண்ட பிறகு, அந்த ஆண்டு நவம்பரிலேயே இருவரையும் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி ஒப்பந்தம் செய்தது. பேஸ்பால் பந்தைத் தொட்டு ஓராண்டுகூட ஆகாதவர்கள்! இந்தக் கதை 2014-ல் ஹாலிவுட் படமானது. அதற்கு இசை நம் ஏ.ஆர். ரஹ்மான்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. வென்ற இருவருமே கிரிக்கெட் பந்துவீச்சாளர்கள் இல்லை, ஈட்டி எறிகிறவர்கள். கிரிக்கெட்டில் பந்தை விடும்போது முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிர்ந்தால் அது சட்டவிரோதம். பிட்சருக்கோ முழங்கை 90 டிகிரி அளவுக்கு மடங்கி, கண்ணிமைக்கும் நேரத்தில் நிமிர வேண்டும். ஒரு விளையாட்டில் தடை செய்யப்பட்ட அசைவுதான் இன்னொன்றின் உயிர். அதனால்தான் நம் ஊர் மைதானத்தில் பிட்சரைத் தேடுகிறவர், பந்து வீசுகிறவனை விட்டுவிட்டு எல்லைக்கோட்டில் நிற்கிறவனைப் பார்க்க வேண்டும்.

ஸ்கவுட் கையில் முதலில் தெரிவது வேகமானி. 1974-ல் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பேஸ்பால் பயிற்சியாளர் டேனி லிட்வைலர், கல்லூரிச் செய்தித்தாளில் ஒரு படத்தைப் பார்த்தார். வேகமாகப் போகும் வண்டிகளைப் பிடிக்க வளாகக் காவல்துறை வாங்கிய ராடார் கருவியின் படம். காரை அளக்கும் என்றால் பந்தையும் அளக்குமே என்று அவருக்குத் தோன்றியது. அன்றிலிருந்து பிட்சரின் வேகம் வாய்ப்பேச்சாக இல்லாமல் எண்ணாக மாறியது.

அந்தக் கருவி செய்யும் வேலையை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. அது நொடிக்குச் சுமார் 2,400 கோடி முறை அதிரும் ரேடியோ அலையைப் பந்தின் மேல் செலுத்துகிறது. எதிரே வரும் பந்தில் பட்டுத் திரும்பும் அலை சற்றே நெருக்கமாக அதிர்கிறது. இதற்கு டாப்ளர் விளைவு என்று பெயர். பந்து மணிக்கு 145 கி.மீ. வேகத்தில் வந்தால் அந்தக் கூடுதல் நொடிக்கு சுமார் 6,500 அதிர்வு மட்டுமே. அதாவது 37 லட்சத்தில் ஒரு பங்கு. போன அலையையும் வந்த அலையையும் கலந்து, வித்தியாசத்தை மட்டும் கருவி பிரித்தெடுக்கிறது. ஒலியாக மாற்றினால் அந்த வித்தியாசம் நம் காதுக்கே கேட்கும் சுருதியில் இருக்கும்.

ஆனால் கருவியை எங்கே பிடிக்கிறோம் என்பது முக்கியம். தன்னை நோக்கி வரும் வேகம் மட்டுமே அதற்குத் தெரியும். பந்தின் பாதைக்கு 20 டிகிரி பக்கவாட்டில் நின்றால் 145 என்பது 136 ஆகிவிடும். எனவேதான் வேகம் அளக்கிறவர்கள் பேட்ஸ்மேனுக்குப் பின்னால், வலைக்கு அப்புறம் கூட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். பந்தும் காற்றில் உராய்ந்து வழியிலேயே எட்டு முதல் பத்து சதவீத வேகத்தை இழக்கிறது. கையை விட்டதும் அளந்தால் ஓர் எண், இலக்கில் அளந்தால் வேறோர் எண். ஒரு பையனின் வேகம் 145 என்று யாராவது சொன்னால், எந்த இடத்தில் அளந்தது என்று கேட்பது நல்ல கேள்வி.

வேகம் ஒரே அளவாக இருந்தும் ஒருவனை அடிப்பது எளிது, இன்னொருவனைத் தொடவே முடியாது. காரணம் சுழற்சி. பிட்சர் பந்தை விடும் கடைசிக் கணத்தில் இரு விரல் நுனிகளும் அதன் பின்புறத்தைக் கீழ்நோக்கி வழித்து விடுகின்றன. பந்து பின்னோக்கிச் சுழல்கிறது, அதுதான் பின்சுழற்சி. நிமிடத்துக்கு 2,300 சுற்று என்பது அமெரிக்கத் தொழில்முறை ஆட்டத்தில் சாதாரணம். பந்து பேட்ஸ்மேனை அடையும் 0.4 நொடிக்குள் பதினைந்து சுற்று முடிந்துவிடும். அந்தச் சுழற்சி காற்றைக் கீழே தள்ளுகிறது. காற்று பந்தை மேலே தாங்குகிறது. சுழற்சியே இல்லாவிட்டால் புவியீர்ப்பு அந்தப் பந்தை 80 செ.மீ.க்கு மேல் இறக்கிவிடும். நல்ல பின்சுழற்சி அந்த இறக்கத்தில் 40 செ.மீ. அளவைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. பந்து மேலே ஏறுவதில்லை. ஆனால் எவ்வளவு இறங்கும் என்று பேட்ஸ்மேனின் மூளை கணக்குப் போட்டதோ, அவ்வளவு இறங்கவில்லை. மட்டை பந்துக்கு அடியில் போய்விடுகிறது. பேஸ்பால் மட்டையின் அதிகபட்சக் குறுக்களவு 6.6 செ.மீ.தான். ஒரே வேகமுள்ள இரண்டு பிட்சர்களின் பந்துகள் 15 செ.மீ. உயர வித்தியாசத்தில் வந்து சேரலாம். அதாவது இரண்டு மட்டைக்கும் மேலான இடைவெளி!

இந்தச் சுழற்சியைப் பழைய ஸ்கவுட்கள் கண்ணால் ஊகித்தார்கள். 'பந்துக்கு உயிர் இருக்கிறது' என்பதுபோல எழுதிவைத்தார்கள். இன்று அமெரிக்காவின் 30 பெருமைதானங்களிலும் கேமராக்கள் ஒவ்வொரு பந்தின் சுழற்சியையும் அதன் அச்சு சாய்ந்திருக்கும் கோணத்தையும் அளக்கின்றன. 2020 முதல் அந்த வேலையைச் செய்வது ஹாக்-ஐ, நாம் எல்.பி.டபிள்யூ. முறையீட்டின்போது திரையில் பார்க்கிறோமே, அதேதான்.

இனி உடலுக்கு வருவோம். எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த பகுதி இது. பந்தை எறிவது கை என்று நினைக்கிறோம். கை கடைசியாக வருகிறது. பிட்சர் முன்காலைத் தூக்கி, தன் உயரத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேலான ஓர் எட்டு வைத்து, மேட்டிலிருந்து இறங்குகிறார். முன்பாதம் தரையில் ஊன்றும் கணத்தில் இடுப்பு இலக்கை நோக்கித் திரும்பத் தொடங்கிவிடுகிறது. தோள்கள் இன்னும் திரும்பவில்லை. இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே வயிற்றுத் தசைகள் முறுக்கேறுகின்றன. அந்த முறுக்கு அவிழும்போது மார்பு சுழல்கிறது. மார்பு முன்னே வர, கை பின்தங்குகிறது; முன்கை முதுகுப்பக்கம் சாய்ந்து ஏறத்தாழத் தரைக்கு இணையாகப் படுத்துவிடுகிறது. புகைப்படத்தில் பார்த்தால் கை ஒடிந்துவிட்டதோ என்று தோன்றும். அங்கிருந்து தோள் உள்நோக்கிச் சுழன்று பந்தை விடும் வரை ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்குகூட ஆவதில்லை. காலில் பிறந்த விசை இடுப்பு, மார்பு, தோள், முழங்கை, விரல் என்று ஒவ்வொன்றாகக் கைமாறி வேகமெடுப்பதை உயிர்விசையியல் அறிஞர்கள், அதாவது உடலின் அசைவுகளை இயற்பியலால் அளப்பவர்கள், இயக்கச் சங்கிலி என்கிறார்கள்.

அந்தக் கடைசிக் கட்டத்தில் தோள் சுழலும் வேகம் நொடிக்குச் சுமார் 7,000 டிகிரி. அதே வேகத்தில் சுழன்றுகொண்டே இருந்தால் நிமிடத்துக்கு 1,100 சுற்றுக்கு மேல் ஆகும். முழு வேகத்தில் ஓடும் நம் வீட்டு மின்விசிறியைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. மனித உடலில் அளக்கப்பட்ட மிக வேகமான அசைவுகளில் இதுவும் ஒன்று.

எனவே கைதேர்ந்த ஸ்கவுட் வேகமானிக்குப் பின்னால் சில பந்துகள் பார்த்துவிட்டு, எழுந்து பக்கவாட்டுக்குப் போய்விடுவார். முன்பாதம் ஊன்றும்போது கை எந்த உயரத்தில் இருக்கிறது? இடுப்பு முந்துகிறதா, தோளும் கூடவே திரும்பிவிடுகிறதா? முன்முழங்கால் உறுதியாக நிற்கிறதா, தொய்கிறதா? தலை பக்கவாட்டில் சாய்கிறதா? சங்கிலியில் ஒரு கண்ணி தாமதித்தால் அந்தக் குறையைத் தோளும் முழங்கையும் ஈடுகட்ட வேண்டியிருக்கும். 145 கி.மீ. வேகத்தை உடம்பெல்லாம் சேர்ந்து கொண்டுவரும் பையனும் உண்டு, கையாலேயே பிடுங்கி எறியும் பையனும் உண்டு. கருவி இருவருக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும். இன்னொரு நுட்பம்: குறி தப்புகிறதா என்று பார்க்க அவர் பந்தைப் பார்ப்பதில்லை, பந்தைப் பிடிப்பவரின் கையுறையைப் பார்க்கிறார். கையுறை காட்டிய இடத்திலேயே அசையாமல் பிடித்தால் பையனுக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. அங்குமிங்கும் தாவினால் இல்லை.

முழங்கைக்கு வருவோம். முன்கை பின்னால் படுத்து முன்னே பாயும் கணத்தில், முழங்கையின் உட்புறத்தைப் பிளக்கப் பார்க்கும் முறுக்குவிசை சுமார் 64 நியூட்டன் மீட்டர். ஒரு மீட்டர் நீளக் கம்பின் நுனியில் ஆறரைக் கிலோ எடையைத் தொங்கவிட்டு, மறுநுனியைப் பிடித்திருப்பதற்குச் சமம். எலும்பை எலும்போடு கட்டியிருக்கும் தசைநார் ஒன்று அங்கே காவல் நிற்கிறது. இறந்தவர்களின் கைகளில் ஆய்வகத்தில் அதைச் சோதித்தபோது, ஏறத்தாழ பாதி விசையிலேயே அது அறுந்தது. அப்படியென்றால் ஒவ்வொரு பந்துக்கும் அது ஏன் அறுவதில்லை? சுற்றியிருக்கும் முன்கைத் தசைகள் இறுகிப் பாதிச் சுமையைத் தோள்கொடுத்துத் தாங்குகின்றன. தசை களைத்தால் அந்தப் பாதியும் தசைநார் மேல் விழும். 2006-ல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, கை களைத்த பிறகும் வழக்கமாக வீசிய இளம் பிட்சர்களுக்கு அறுவை சிகிச்சை தேவைப்படும் வாய்ப்பு 36 மடங்கு என்று கண்டது. இன்று அங்கே பதினேழு, பதினெட்டு வயதுக்காரர்கள் ஒரு நாளில் 105 பந்துக்கு மேல் வீசக் கூடாது என்று வழிகாட்டு விதி இருக்கிறது. நம் ஊரில் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மூன்று மேட்ச் ஆடும் பையன்களின் பந்துகளை யாராவது எண்ணினால் நன்றாக இருக்கும்.

அறுந்தாலும் இப்போது கதை முடிவதில்லை. 1974-ல் லாஸ் ஏஞ்சலஸில் டாக்டர் ஃபிராங்க் ஜோப், டாமி ஜான் என்ற பிட்சரின் மற்றொரு கையிலிருந்து ஒரு தசைநாணை, அதாவது தசையை எலும்போடு இணைக்கும் நாணை, எடுத்தார். முழங்கை எலும்புகளில் துளையிட்டு அதைக் கோத்தார். டாமி ஜான் 1976-ல் திரும்பி வந்து, 46 வயது வரை ஆடினார். வாழ்நாளில் அவர் பெற்ற 288 வெற்றிகளில் 164 அந்த அறுவைக்குப் பின் வந்தவை. அந்தச் சிகிச்சைக்கே இன்று அவர் பெயர்.

பதினேழு வயதுக் கையில் இன்னும் ஒரு ரகசியம் உண்டு. சிறுவயதில் மேற்கை எலும்பு சற்றே முறுக்கிய நிலையில் இருக்கும். வளர வளர அந்த முறுக்கு அவிழும். வளரும் பருவம் முழுவதும் கடினமாக எறிந்துகொண்டிருந்தவர்களுக்கு, எறியும் கையில் அந்த முறுக்கு முழுதாக அவிழ்வதில்லை. இரு கைகளுக்கும் பத்து டிகிரிக்கு மேல்கூட வித்தியாசம் இருக்கும். அந்தக் கூடுதல் டிகிரிகள்தான் முன்கையை அவ்வளவு பின்னால் படுக்கவைக்கின்றன. எலும்பு வளர்ந்து முடிந்த பிறகு எந்தப் பயிற்சியும் இதைக் கொடுக்காது. எட்டு வயதில் மாங்காய்க்குக் கல்லெறிந்த கை எலும்பில் அது பதிவாகியிருக்கலாம் என்று நினைக்கவே ஆனந்தமாக இருக்கிறது. ஆனால் அதே வயதில் எலும்பு நுனிகளில் வளர்ச்சித் தட்டு என்ற மென்மையான பகுதியும் இருக்கிறது. எலும்பு நீள்வது அங்கேதான். பதினைந்து, பதினேழு வயது வரை அது தசைநாரைவிடப் பலவீனம். அளவாக எறிந்தால் எலும்பு வடிவம் பெறும். அளவு மீறினால் அதே இடத்தில் விரிசல் காணும்.

இத்தனையையும் பார்த்துவிட்டு ஸ்கவுட் மதிப்பெண் போடுகிறார். நூற்றுக்கு இல்லை. 20-லிருந்து 80 வரை. இந்த அளவுகோலுக்கு பிராஞ்ச் ரிக்கி என்ற பழம்பெரும் நிர்வாகியின் பெயரைச் சொல்வார்கள். 50 என்றால் அமெரிக்காவின் உச்ச லீக்கில் ஆடும் சராசரி வீரர். 80 என்றால் தலைமுறைக்கு ஒரு சிலர். பள்ளிப் பையன் பெரும்பாலும் 30, 40 வாங்குவான். நுட்பம் இங்கேதான்: ஒவ்வொரு திறமைக்கும் இரண்டு எண்கள் எழுத வேண்டும். முதல் எண், இன்று எப்படி வீசுகிறான். இரண்டாவது எண், ஐந்தாறு வருடம் கழித்து எப்படி வீசுவான். முதல் எண்ணைக் கருவி பாதி எழுதிவிடும். இரண்டாவதற்குத்தான் ஸ்கவுட்டுக்குச் சம்பளம். ஒல்லியாக, உயரமாக, அகன்ற தோள்களோடு, இன்னும் சதை பிடிக்காமல் 138-ல் வீசும் பையனுக்கு, முழு வளர்ச்சி அடைந்துவிட்ட உடம்போடு 145-ல் வீசுபவனைவிட அதிக எதிர்கால மதிப்பெண் கிடைப்பது உண்டு. பெற்றோரின் உயரத்தைக்கூடக் கவனிப்பார்கள். நீண்ட கைகாலுக்கு வேறொரு லாபமும் இருக்கிறது. பெரிய எட்டு வைத்து 30 செ.மீ. முன்னால் வந்து பந்தை விட்டால், பேட்ஸ்மேனுக்குக் கிடைக்கும் நேரம் குறைந்து, 145 கி.மீ. பந்து 147-க்கு மேல் வருவதுபோல இருக்கும்.

அந்த இரண்டாவது எண்ணில் பெரியவர்களே எப்படி முரண்படுவார்கள் என்பதற்கு ஒரு சாட்சி குமார் ராக்கர். தாய்வழியில் இந்திய வம்சாவளி. ஜார்ஜியா மாநிலத்துப் பள்ளியில் உருவான பிட்சர். 2019-ல் கல்லூரி ஆட்டமொன்றில் எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் 19 பேரை வீழ்த்தினார். 2021-ல் அணிகள் வரிசைப்படி புதிய வீரர்களை எடுக்கும் தேர்வில் நியூயார்க் மெட்ஸ் அணி அவரைப் பத்தாவதாகத் தேர்ந்தெடுத்தது. 60 லட்சம் டாலர் பேசி முடித்ததாகச் செய்தி வந்தது. மருத்துவப் பரிசோதனை முடிவைப் பார்த்த பிறகு அணி பின்வாங்கியது. அடுத்த ஆண்டு டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அதே கையை மூன்றாவது தேர்வாக, 52 லட்சம் டாலருக்கு எடுத்தது. 2023-ல் டாமி ஜான் சிகிச்சை. 2024 செப்டம்பரில் உச்ச லீக்கில் முதல் ஆட்டம்.

பேஸ்பால் இல்லாவிட்டாலும் இதே கலை சென்னையில் வேரூன்றி நாற்பது ஆண்டை நெருங்குகிறது. 1987-ல் சேத்துப்பட்டில் எம்.சி.சி. பள்ளி மைதானத்தில் தொடங்கிய எம்.ஆர்.எஃப். வேகப்பந்து மையத்துக்கு ஆஸ்திரேலிய வேகப்பந்துவீச்சாளர் டென்னிஸ் லில்லி வழிகாட்டியாக வந்தார், டி.ஏ. சேகர் உடனிருந்து நடத்தினார். ஸ்ரீநாத், வெங்கடேஷ் பிரசாத், ஜாகீர் கான் எல்லாம் அங்கே பட்டை தீட்டப்பட்டவர்கள். அந்த முதல் ஆண்டில் மும்பையிலிருந்து 14 வயதுப் பையன் ஒருவன் வேகப்பந்துவீச்சாளனாக வேண்டும் என்று வந்து நின்றான். லில்லி பார்த்துவிட்டு, பேட்டிங்கில் கவனம் செலுத்தச் சொன்னார். சச்சின் டெண்டுல்கர் என்று பெயர். எதிர்கால எண் குறைவு என்று ஒரு பையனிடம் நேராகச் சொல்வதும் மதிப்பீட்டாளரின் கடமைதான்.

லில்லிக்கு அந்தக் கண் சும்மா வரவில்லை. பிட்சருக்கு முழங்கை எப்படியோ, வேகப்பந்துவீச்சாளருக்கு முதுகு அப்படி. ஓடி வந்து முன்காலை ஊன்றும்போது உடல் எடையைப் போல ஐந்து மடங்குக்கும் மேலான விசை ஏறுகிறது. 60 கிலோ பையன் ஒவ்வொரு பந்துக்கும் 300 கிலோவைத் தாங்குகிறான். அப்போது இடுப்பு ஒரு பக்கமும் தோள் மறுபக்கமும் பார்த்தால் கீழ்முதுகு எலும்பில் விரிசல் விழும். 1973-ல் லில்லிக்கே அது நேர்ந்தது. எலும்பு ஆறி, பந்துவீச்சு முறையைச் செப்பனிட்டு, 1974-75 ஆஷஸ் தொடருக்குத் திரும்பினார்.

கிரிக்கெட்டின் அந்த 15 டிகிரி விதியைச் சோதிக்கும் இடமும் சென்னையிலேயே இருக்கிறது. போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவின் விளையாட்டு அறிவியல் மையம், சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் அங்கீகரித்த பந்துவீச்சுச் சோதனைக்கூடங்களில் ஒன்று. பந்துவீச்சாளரின் தோள், முழங்கை, மணிக்கட்டில் ஒளியைத் திருப்பும் சிறு குமிழ்களை ஒட்டி, நொடிக்கு நூற்றுக்கணக்கான படங்கள் எடுக்கும் கேமராக்கள் நடுவே வீசச் சொல்வார்கள். கணினி குமிழ்களை இணைத்து எலும்புக்கூடு ஒன்றை வரைந்து, முழங்கை எத்தனை டிகிரி நிமிர்ந்தது என்று சொல்லிவிடும்.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த வேகப்பந்துவீச்சாளர் நடராஜனைப் பதினேழு வயதில் எந்த ஸ்கவுட் பார்த்திருந்தாலும் என்ன எழுதியிருப்பார்? அப்போது அவர் ஆடியது டென்னிஸ் பந்தில். சுமார் இருபது வயதில்தான் தோல் பந்துக்கு வந்தார். 2015-ல் ரஞ்சிக் கோப்பையில் அறிமுகமானதும் பந்துவீச்சு முறை சந்தேகத்துக்குரியது என்று புகார் எழுந்தது. கையைப் பழக்கத்திலிருந்து மாற்றி மறுபடி கற்றார். 2016-ல் தமிழ்நாடு பிரீமியர் லீக்கின் சூப்பர் ஓவர் ஒன்றில் யார்க்கராகப் போட்டுத் தாக்கினார். டென்னிஸ் பந்தில் யார்க்கர் தப்பினால் பந்து மைதானத்துக்கு வெளியேதான் போகும். அந்தக் குறி அங்கே கூர்மை பெற்றது. 2017 ஏலத்தில் பஞ்சாப் அணி 3 கோடி கொடுத்தது. 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் அறிமுகமானார். ஒரே பயணத்தில் அப்படி அறிமுகமான முதல் இந்தியர். அப்போது அவருக்கு வயது 29. சில மாதங்களில் முழங்காலில் அறுவை சிகிச்சை. 2024 ஐ.பி.எல்.லில் 19 விக்கெட். அந்த ஆண்டு இறுதி ஏலத்தில் டெல்லி அணி அவருக்குப் போட்ட விலை 10.75 கோடி.